"ஸ்னெப்ஷொட் இருக்கிறதே, பிறகென்ன பயம்?" - ஓடும் கணினியை உறங்க வைத்து எழுப்பிய வரலாறு



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். கடையில் கணினி வைத்து பில் போடுபவர்கள், பள்ளிவாசல் கணக்கு வழக்குகளைக் கணினியில் பதிபவர்கள், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஆகிய மூன்று சாராருக்காகவும் எழுதுகிறோம்.

ஒரே கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாலேயே உருவாக்கி ஓடவிடுவதை மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். பிள்ளைகள் வேர்ச்சுவல்பொக்ஸ் மூலம் இதனை அறிந்திருப்பார்கள். அதன் ஜன்னலை மூடும்போது ஒரு கேள்வி வரும்: நிலையைச் சேமிக்கவா, முறைப்படி நிறுத்தவா, அல்லது ஒரேயடியாக மின்சாரத்தைத் துண்டிக்கவா? முதலாவதைத் தெரிவுசெய்தால், ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் பாதியில் விட்ட வசனம் பாதியிலேயே நிற்கும். எழுத்தின் அருகே கோடு சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வசதி இன்று எமதூர்க் கடைகள் வரை வந்துவிட்டது. அதனோடு சேர்ந்து ஒரு வார்த்தையும் வந்துவிட்டது: "ஸ்னெப்ஷொட் எடுத்து வைத்திருக்கிறோமே, பிறகென்ன பயம்?" இந்த வார்த்தையில் பாதி உண்மை. மறுபாதி ஆபத்து. எந்தப் பாதி எது என்பதை விளங்கிக்கொள்ள இதன் வரலாற்றைப் பார்ப்பதுதான் இலகுவான வழி.

*முதலில்: "நிலை" என்றால் என்ன?*

2022இல் நாட்டில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். மேசைக் கணினியில் வேலை செய்தவர்கள் அப்போது ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சேமித்த பைல் தப்பியது. ஆனால் திறந்திருந்த பத்து ஜன்னல்கள், பாதியில் ஓடிய கணக்கு, இன்னும் சேமிக்காத வரிகள் எல்லாம் போயின.

சேமித்த பைல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ஆனால் கணினி அந்த நொடியில் "என்ன செய்துகொண்டிருந்தது" என்பது வேறு இடங்களில் இருக்கிறது. புரொசசருக்குள்ளே சிறுசிறு பெட்டிகள் போன்ற ரெஜிஸ்டர்கள், நினைவகம், திரை, வலையமைப்பு அட்டை, விசைப்பலகை ஒவ்வொன்றும் பாதியில் வைத்திருக்கும் வேலை. இவை அனைத்தும் சேர்ந்ததுதான் ஓடும் நிலை. அதை அப்படியே எழுதிவைத்து, பிறகு அப்படியே திருப்பி வைக்க முடிந்தால், இடையில் நின்றதே கணினிக்குத் தெரியாது.

*காந்த நாடாவில் தொடங்கிய கதை*

1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரு புதிய முறைமையைச் செய்து காட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கும் முறைமை அது. ஆனால் அந்தக் கணினியின் நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலைக்குத்தான் இடம் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொருவருக்கும் ஒரு காந்த நாடா இயந்திரத்தை ஒதுக்கினார்கள். ஒருவருடைய முறை முடிந்ததும் அவருடைய நினைவக உள்ளடக்கம் முழுவதும் அவருடைய நாடாவில் எழுதப்படும். அடுத்தவருடையது அவரது நாடாவிலிருந்து நினைவகத்துக்குள் வரும்.

இந்த முறைமைதான் சீரீஎஸ்எஸ். அது வளர்ந்தபோது "சேமி", "தொடர்" என்ற அர்த்தத்தில் இரண்டு கட்டளைகள் அதில் இருந்தன. ஓடும் நிரலை நிறுத்தி, நினைவகத்தில் இருந்த அதன் உருவை ஒரு பைலாக வைத்துவிட்டு, பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேர்ச்சுவல்பொக்ஸில் இன்று நாம் அழுத்தும் தெரிவின் பாட்டனார் என்று அதைச் சொல்லலாம்.

அதே காலத்தில் இன்னொரு தேவையும் இருந்தது. பெரிய கணக்குகள் மணிக்கணக்கில் ஓடும். அன்றைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும். ஒன்பதாவது மணித்தியாலத்தில் இயந்திரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இடையிடையே நிலையை எழுதிவைத்து, பழுதானால் கடைசியாக எழுதிவைத்த இடத்திலிருந்து தொடரும் வழக்கம் வந்தது. ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கான பணிசெயல் முறைமையிலேயே இதற்கென ஒரு வசதி இருந்தது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுதிவைப்பது? அடிக்கடி எழுதினால் எழுதுவதிலேயே நேரம் போகும். எப்போதாவது எழுதினால் பழுது வரும்போது நிறைய இழப்போம். 1974இல் ஜோன் யங் என்பவர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்தார். ஒருமுறை எழுத எடுக்கும் நேரத்தையும், இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்குங்கள். அதை இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். எழுத 1 நிமிடமும், பழுதுகளுக்கிடையே சராசரியாக 1,800 நிமிடமும் (30 மணித்தியாலம்) என்றால், 2 × 1 × 1,800 = 3,600. வர்க்கமூலம் 60. ஆகவே 60 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைத்தால் சரி. சாதாரண தரக் கணிதத்தில் படிக்கும் வர்க்கமூலம் எங்கே போய்ப் பயன்படுகிறது பாருங்கள், பிள்ளைகளே.

ஆனால் அன்றே ஒரு சிக்கல் எட்டிப்பார்த்தது. ஒரு நிரல் சம்பளக் காசோலைகளை அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100ஆவது காசோலையில் நிலையை எழுதிவைத்தோம். 140ஆவதில் இயந்திரம் நின்றது. மீண்டும் 100இலிருந்து தொடர்கிறோம். நிரலைப் பொறுத்தவரை 101 இன்னும் அச்சாகவில்லை. மேசையிலோ 101 முதல் 140 வரை ஏற்கனவே கிடக்கின்றன! நினைவகத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். அச்சாகி வெளியே வந்த காகிதத்தைத் திருப்ப முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வரலாறு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

*மெய்நிகர் இயந்திரம் பிறந்தது*

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அந்தத் தொழினுட்ப நிறுவகத்தின் அயலிலேயே, ஐபிஎம் ஒரு ஆய்வு நிலையத்தை நடத்தியது. அங்கே ரொபர்ட் கிரீசியின் தலைமையில் சீபீ-40 என்ற முறைமை உருவாகி, 1967 ஜனவரியில் பாவனைக்கு வந்தது. ஒரு கணினியை 14 கணினிகள் போலக் காட்டியது அது. ஒவ்வொருவரும் தனக்கென்று 256 கிலோபைற் நினைவகத்தோடு முழுக் கணினி ஒன்று இருப்பதாகவே உணர்ந்தார்கள். அதன் வாரிசான விஎம்/370ஐ ஐபிஎம் 1972 ஓகஸ்டில் அறிவித்தது.

அவர்களுடைய நோக்கம் பகிர்ந்து பாவிப்பது. நிலையைச் சேமிப்பது அல்ல. ஆனால் அறிந்தோ அறியாமலோ அதற்கான கதவையும் அவர்கள் திறந்துவிட்டார்கள். காரணம் இதுதான்.

நிஜக் கணினியில் நினைவகத்தை எழுதிவைப்பது ஒப்பீட்டளவில் இலகு. ஆனால் வலையமைப்பு அட்டைக்குள்ளும் ஒலி அட்டைக்குள்ளும் உள்ள எல்லா விடயத்தையும் வெளியே இருந்து கேட்டு எடுக்க முடியாது. சில சாதனங்கள் தமது உள்நிலையைச் சொல்லவே சொல்லாது. மெய்நிகர் இயந்திரத்தில் நிலைமை வேறு. அங்கே "வலையமைப்பு அட்டை" என்று ஒரு பொருளே கிடையாது. மென்பொருள் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கும் சில இலக்கங்கள்தான் அந்த அட்டை. இரும்பு, தாமிரம் ஒன்றுமில்லை, எல்லாமே எழுத்து. எழுத்தாக இருப்பதைக் கொப்பி எடுக்கலாம், பெட்டியில் வைக்கலாம், ஊர்விட்டு ஊர் அனுப்பலாம்.

1974இல் ஜெரால்ட் பொபெக், ரொபர்ட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் எப்படிப்பட்ட புரொசசர் இதற்குப் பொருத்தம் என்பதைக் கணித ரீதியாக வரையறுத்தார்கள். துரதிர்ஷ்டம் என்னவென்றால், பின்னர் உலகெங்கும் பரவிய இன்டெல் வகைக் கணினிகள் அந்த வரையறைக்குள் அடங்கவில்லை. ஆகவே எமது மேசைகளில் இருக்கும் சாதாரணக் கணினிக்கு இந்த வசதி வர மேலும் 25 வருடங்கள் எடுத்தன.

*மேசைக் கணினிக்கு வந்த கதை*

1997இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எடுவார்ட் புக்னியன், ஸ்கொட் டெவைன், பேராசிரியர் மெண்டல் ரோசன்ப்ளம் ஆகியோர் "டிஸ்கோ" என்ற ஆய்வை வெளியிட்டார்கள். பழைய ஐபிஎம் சிந்தனைக்கு மறுபடி உயிர் கொடுத்த ஆய்வு அது. அடுத்த வருடம், 1998இல், டயான் கிரீன், எட்வர்ட் வாங் ஆகியோரும் சேர வீஎம்வெயார் நிறுவனம் தொடங்கியது. இன்டெல் புரொசசரில் சிக்கல் தரும் கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றிவிடும் யுக்தியால் அவர்கள் தடையைத் தாண்டினார்கள். 1999இல் அவர்களது முதல் மென்பொருள் சந்தைக்கு வந்தது. வேர்ச்சுவல்பொக்ஸ் 2007இல் இன்னோடெக் என்ற ஜேர்மனிய நிறுவனத்திடமிருந்து வந்தது. இப்போது ஒரக்கிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஸ்னெப்ஷொட் எடுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? முதலில் மெய்நிகர் புரொசசர் நிறுத்தப்படும். ரெஜிஸ்டர்களும் சாதனங்களின் நிலையும் ஒரு பைலில் எழுதப்படும். அது சிறியது. நினைவகம் இன்னொரு பைலில் எழுதப்படும். 4 ஜிகாபைற் நினைவகம் கொடுத்திருந்தால் அந்தப் பைலும் ஏறத்தாழ அவ்வளவு பெரிதாகலாம்.

ஹார்ட் டிஸ்க் விடயத்தில்தான் ஒரு யுக்தி. முழு டிஸ்க்கையும் கொப்பி எடுக்க மாட்டார்கள். இருக்கும் டிஸ்க் பைலைப் பூட்டிவிட்டு, "இனிமேல் வரும் மாற்றங்களை மட்டும் இங்கே எழுது" என்று ஒரு புதிய பைலைத் திறப்பார்கள். பழைய பக்கங்களில் கை வைக்காமல், மேலே ஒரு கண்ணாடித் தாளை வைத்து அதில் எழுதுவதைப் போல. பின்னோக்கிப் போக வேண்டுமா? கண்ணாடித் தாளை எடுத்துவிட்டால் போதும். அதனால்தான் ஸ்னெப்ஷொட் அவ்வளவு வேகமாக முடிகிறது.

இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. கண்ணாடித் தாளுக்குத் தனித்த உயிர் இல்லை. அடியில் இருக்கும் பக்கம் கிழிந்தால் மேலே உள்ள தாளால் எந்தப் பயனுமில்லை. ஸ்னெப்ஷொட்டும் மூல டிஸ்க்கும் ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். அந்த ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஸ்னெப்ஷொட்டைக் காப்புப் பிரதியாகக் கருத வேண்டாம் என்று வீஎம்வெயார் நிறுவனமே தனது பாவனையாளர்களுக்குச் சொல்கிறது. ஒரே ஸ்னெப்ஷொட்டை 72 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரைதான். நாளாக நாளாக மாற்றப் பைல் பெருத்துக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பும். இயந்திரம் மெதுவாகும்.

*உறங்கிய கணினி பயணம் போனது*

எழுத்தாகிவிட்ட கணினியை அனுப்பவும் முடியும் அல்லவா? 2002இல் மைக்கல் கொசுக், மகாதேவ் சத்தியநாராயணன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரிலிருந்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள். அலுவலகத்தில் கணினியை உறங்க வையுங்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள். வீட்டிலுள்ள வேறு கணினியில் அதை எழுப்புங்கள். லெப்டொப்பைச் சுமக்காமலே லெப்டொப்பின் பலன். அதே வருடம் ஸ்டான்போர்ட் குழுவொன்று, செக்கனுக்கு 384 கிலோபிற் வேகமுள்ள வீட்டு இணைப்பிலேயே, ஒருவர் அலுவலகத்திலிருந்து வீடு போய்ச் சேரும் நேரத்துக்குள் முழுக் கணினியின் நிலையையும் அனுப்பிவிட முயன்றது. தேவையற்ற நினைவகப் பகுதியை முதலில் காலியாக்குவது, மறுமுனையில் ஏற்கனவே இருப்பதை அனுப்பாமல் விடுவது என்று பல யுக்திகள் கையாளப்பட்டன.

2005இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உறங்க வைக்காமலே, ஓட ஓட, ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றினார்கள். வீடு மாறுவதை யோசித்துப் பாருங்கள். முதல் நடையில் எல்லாச் சாமான்களும் போகும். அதற்குள் பழைய வீட்டில் சிலவற்றை மறுபடி பாவித்திருப்போம். இரண்டாம் நடையில் அவை மட்டும். மூன்றாம் நடையில் இன்னும் குறைவு. கடைசியில் கையில் கொண்டுபோகும் அளவுக்குச் சுருங்கியதும் ஒரு கணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டுவோம். அப்படித்தான் செய்தார்கள். பலர் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டு சேவரையே அவர்கள் இடம்மாற்றியபோது, அது நின்ற நேரம் வெறும் 60 மில்லிசெக்கன். விளையாடியவர்கள் உணரக்கூடிய இடைவெளியே அல்ல அது.

ஆக, எழுதிவைப்பதும் அனுப்புவதும் எழுப்புவதும் தொழினுட்பமாக வெற்றி கண்டுவிட்டன. இனித்தான் உண்மையான கேள்வி வருகிறது.

*எழும்பியவருக்குத் தெரியாதது*

வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் சூரா கஹ்பில் குகைத் தோழர்களின் சம்பவம் இருக்கிறது. அவர்கள் எழும்பியபோது ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோதான் உறங்கியிருப்போம் என்று பேசிக்கொண்டார்கள். கடந்திருந்ததோ 300 வருடங்களும் அதன் மேல் 9 வருடங்களும். தம்மில் ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து உணவு வாங்க அனுப்பினார்கள். அந்தப் பழைய நாணயம்தான் கடைத்தெருவில் அவர்களைக் காட்டிக்கொடுத்தது என்று தப்ஸீர்களில் வாசிக்கிறோம். அது அல்லாஹ்வின் அத்தாட்சி. மனிதன் செய்த கருவியை அதனோடு ஒப்பிடுவது எமது நோக்கமல்ல. ஆனால் உறங்கி எழுபவருக்கு உள்ளே ஒன்றும் மாறவில்லை, வெளியே எல்லாம் மாறிவிட்டது என்ற விடயத்தை எமது சிறு பிள்ளைக்கும் விளங்கவைக்க இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

திருப்பி எழுப்பப்பட்ட கணினியின் நிலையும் இதுதான். ஸ்னெப்ஷொட் எடுத்த நொடிக்கும் இப்போதைக்கும் இடையில் எதுவுமே நடக்கவில்லை என்று அது நம்புகிறது. இதனால் வந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

ஒன்று. ஒரு கணினி வங்கித் தளத்தோடு இரகசியமாகப் பேச வேண்டுமானால், யாராலும் ஊகிக்க முடியாத ஓர் இலக்கத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அதற்கான மூலப்பொருளை நினைவகத்தில் சேர்த்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் எடுத்த ஸ்னெப்ஷொட்டிலிருந்து இரண்டு தடவை எழுப்பினால், இரண்டு தடவையும் அதே "ஊகிக்க முடியாத" இலக்கம் வரலாம். 2010இல் தோமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்கொட் யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள், அன்று பாவனையிலிருந்த பிரபல இணைய உலாவிகளிலேயே இது நடப்பதைக் காட்டினார்கள். இணைய சேவர் ஒன்று இப்படி ஒரே இலக்கத்தை வைத்து இரண்டு தடவை கையொப்பமிட்டதால், அதன் இரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுக்க முடிந்தது.

இரண்டு. ஒரு நிறுவனத்தில் பாவனையாளர் பட்டியலை இரண்டு சேவர்கள் பராமரிக்கின்றன. முதல் சேவர் தனது மாற்றங்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டு 1,000 வரை வந்துவிட்டது. இரண்டாவது சேவர் "1,000 வரை பார்த்துவிட்டேன்" என்று குறித்து வைத்திருக்கிறது. இப்போது முதல் சேவரை, 900இல் இருந்தபோது எடுத்த ஸ்னெப்ஷொட்டுக்குத் திருப்புகிறோம். புதிதாகச் சேரும் ஊழியர் ஒருவரை அது 901 என்று பதிகிறது. இரண்டாவது சேவர் கேட்கிறது: "1,000க்குப் பிறகு ஏதும் உண்டா?" "இல்லை." அந்த ஊழியர் இரண்டாவது பட்டியலுக்குள் வரவே மாட்டார். உடனே கண்ணில் படும்படி எதுவும் உடைந்திருக்காது. பட்டியல்கள் இரண்டும் மெதுமெதுவாகப் பிரிந்து போகும். மைக்ரோசொப்டின் அக்டிவ் டைரக்டரி முறைமையைப் பராமரித்தவர்கள் பல வருடங்களாக அஞ்சிய விடயம் இது.

மூன்றாவது, நாம் மேலே சொன்ன காசோலை விவகாரம். வெளியே போன சொல் திரும்பி வராது. இதற்கு ஒரு நேர்மையான விடையை 2008இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் "ரீமஸ்" என்ற முறைமையில் தந்தார்கள். அது ஓடும் கணினியின் நிலையை செக்கனுக்கு 40 தடவை வரை இன்னொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முக்கியமான விடயம் அதுவல்ல. வலையமைப்பு வழியாக வெளியே போக வேண்டிய எந்தச் செய்தியையும் அது உடனே விடாது. தடுத்து வைத்திருக்கும். "உன் நிலை எனக்குப் பத்திரமாக வந்துவிட்டது" என்று மறுபக்கம் சொன்ன பிறகே வெளியே விடும். ஆகவே முதலாவது கணினி திடீரென்று செத்தாலும், அது வெளியுலகுக்குக் கொடுத்த ஒவ்வொரு வாக்கும் இரண்டாவதுக்குத் தெரிந்திருக்கும். எழுதிவைத்த பின்புதான் வாய் திறப்பது! கடனைக் கொடுத்தால் எழுதிவையுங்கள், சாட்சி வையுங்கள் என்று அல்குர்ஆனின் மிக நீண்ட வசனத்தில் ஏவப்பட்ட சமூகம் நாம். இந்த ஒழுங்கு எமக்குப் புதிதல்ல.

2012இல் மைக்ரோசொப்ட் இன்னொரு விடையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் வெளியே இருந்து 128 பிற் நீளமான ஓர் அடையாள இலக்கம் காட்டப்படும். ஸ்னெப்ஷொட்டிலிருந்து எழுப்பினாலோ, பிரதி எடுத்தாலோ அந்த இலக்கம் மாறும். உள்ளே இருக்கும் முறைமை தன்னிடமுள்ள பழைய இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நான் பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டிருக்கிறேன்" என்று அறிந்துகொள்ளும். கடைத்தெருவுக்குப் போகும் முன்பே கையிலுள்ள நாணயத்தைப் பரிசோதிப்பது போல. லினக்ஸ் முறைமை 2022இல்தான் இந்த இலக்கத்தைக் கவனித்துத் தனது இரகசிய இலக்கங்களைப் புதுப்பிக்கத் தொடங்கியது.

அதே 2022இல் அமேசன் நிறுவனம், நிரல்கள் விரைவாகத் தொடங்குவதற்காக, ஏற்கனவே தயாராக இருக்கும் நிலையை ஸ்னெப்ஷொட் எடுத்து அதிலிருந்து எத்தனையோ பிரதிகளை எழுப்பும் சேவையை அறிமுகப்படுத்தியது. கூடவே நிரல் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தனித்துவமாக இருக்க வேண்டிய எதையும் ஸ்னெப்ஷொட்டுக்கு முன்னர் உருவாக்காதீர்கள். 1960களில் காசோலையில் எட்டிப்பார்த்த அதே சிக்கல், 60 வருடங்கள் கழித்தும் நிற்கிறது.

*எமதூருக்கு இதிலிருந்து என்ன?*

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காலையில் ஸ்னெப்ஷொட். அப்போது கடைசி பில் இலக்கம் 500. மாலைக்குள் 40 பில் போயிற்று. கணினியில் ஏதோ கோளாறு. காலை நிலைக்குத் திருப்பினோம். கோளாறு போய்விட்டது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அடுத்த பில் 501. ஊரில் இப்போது 501 என்ற பில்லை இருவர் வைத்திருக்கிறார்கள். கடனுக்கு வாங்கியவரின் கடன் அழிந்துவிட்டது. அதைவிட மோசம், கடனைத் திருப்பிக் கொடுத்தவரின் கொடுப்பனவும் அழிந்துவிட்டது. நாளைக்கு அவரிடம் மறுபடி கேட்போம். அவர் கொடுத்தேன் என்பார், கணினி இல்லை என்னும். நாம் கணினியை நம்புவோம். ஒரு முஸ்லிமின் சொல்லைச் சந்தேகிக்கும் நிலைக்கு ஒரு பொத்தான் எம்மைக் கொண்டுவந்து விடும்.

கடையின் இடத்தில் பள்ளிவாசல் சந்தாவையும் ஸகாத் கணக்கையும் வைத்துப் பாருங்கள். அமானிதத்தின் பாரம் விளங்கும்.

ஆகவே சில விடயங்கள்:

1. புதிய மென்பொருள் போடும் முன், அப்டேட் செய்யும் முன் ஸ்னெப்ஷொட் எடுங்கள். அதற்கு அது மிக நல்ல கருவி. எல்லாம் சரி என்று கண்டதும் அழித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

2. காப்புப் பிரதி வேறு. அது இன்னொரு டிஸ்கில், முடிந்தால் இன்னொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். கணக்குத் தரவை நாளாந்தம் தனியாகக் கொப்பி எடுங்கள்.

3. பின்னோக்கித் திருப்பும் முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்: அந்த நொடிக்குப் பிறகு இந்தக் கணினியிலிருந்து வெளியே என்னென்ன போயிற்று? பில், பற்றுச்சீட்டு, மின்னஞ்சல், கொடுப்பனவு. அவற்றை முதலில் காகிதத்தில் எழுதி எடுங்கள். திருப்பிய பின் ஒவ்வொன்றாக மறுபடி பதியுங்கள். அதன் பிறகே புதிய பில் போடுங்கள்.

4. திருப்பிய உடன் திகதியையும் நேரத்தையும் சரிபாருங்கள். கடவுச்சொல்லை இடையில் மாற்றியிருந்தால் பழையது மறுபடி உயிர்பெற்றிருக்கும். இடையில் போட்ட பாதுகாப்பு அப்டேட்களும் போயிருக்கும்.

5. நினைவகத்தோடு எடுத்த ஸ்னெப்ஷொட் பைலை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த நொடியில் திறந்திருந்த கடிதம், கடவுச்சொல், வாடிக்கையாளர் விபரம் அனைத்தும் அதற்குள் இருக்கலாம். பிறருடைய இரகசியமும் அமானிதம்தான்.

பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் தாராளமாக ஸ்னெப்ஷொட் எடுங்கள், உடையுங்கள், திருப்புங்கள், மறுபடி உடையுங்கள். அந்த இயந்திரம் வெளியே யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் அங்கே பயமில்லை. இயந்திரம் ஒருவருக்கு ஒரு பற்றுச்சீட்டைக் கொடுத்த அந்த நொடியிலிருந்துதான் கணக்கு மாறுகிறது.

இயந்திரத்துக்குள் இருப்பதை எழுதிவைக்க மனிதன் 1961இலேயே கற்றுவிட்டான். நாம் அடுத்தவருக்குக் கொடுத்த வார்த்தை அந்தப் பைலுக்குள் இல்லை. அது அவருடைய கையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு எமது தலையில் இருக்கிறது.

கடை வைத்திருக்கும் உறவினர்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இதைச் சேர்த்துவிடுங்கள். விளங்காத இடம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.